வசாவிளானில் துப்பாத ஒரு மிடறு

அப்புத்தளையில் என் வேலை துப்புவது.
ஒரு நாளைக்கு முந்நூறு கோப்பைத் தேயிலை
உறிஞ்சி, நாக்கின்மேல் உருட்டி,
பித்தளைக் குவளைக்குள் துப்பிவிட்டு
ஒரு சொல் எழுதுவேன்:
காரம். தட்டை. புகை.
விழுங்கினால் மாலைக்குள் நாக்கு செத்துவிடும்.

அந்த நாக்கோடுதான் இரவு பஸ் ஏறினேன்,
மூன்று நாள் லீவில்
திராட்சை விளையும் ஊர் பார்க்க.

ஓட்டோக்காரர் பெயர் நியூட்டன்.
"வைன் பாக்கவோ வந்தனீங்கள்?
இஞ்ச ஆக்கள் கோயில் பாக்க வாறவை,
இல்லாட்டிக் கலியாணத்துக்கு."
சொல்லிவிட்டு, கேட்காமலே
கந்தரோடையில் நிறுத்தினார்.

இடுப்புயரம், முழங்காலுயரம்,
பனைகளுக்கு நடுவே சாம்பல் கல் குமிழ்கள்.
கழுவிக் கவிழ்த்து வைத்த கோப்பைகள் என்றுதான்
எனக்குப் பட்டது.
"எந்தக் காலத்தவை?"
"அது நீங்கள் ஆரைக் கேக்கிறீங்கள் எண்டதைப் பொறுத்தது"
என்று பீடாவை மற்றக் கன்னத்துக்கு மாற்றினார்.

பிறகு ஒரு காய்ந்த பள்ளம்.
இரண்டு மாடு. ஒரு கொக்கு, எதையோ நம்பி.
"வழுக்கையாறு. எங்களிட்ட இருக்கிற ஒரே ஆறு.
பேரிலயே வழுக்கிப் போட்டுது."
அருவி இரைச்சலுக்குள் பிறந்தவள் நான்.
சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டேன்.
அவர் சிரித்த பிறகு சிரித்தேன்.

தவமலரின் தோட்டத்தில்
செருப்பைக் கழற்றினேன்.
செம்மண் உடனே இன்னொரு செருப்பு மாட்டிவிட்டது.
பந்தலுக்குக் கீழே வெயில் பச்சையாக விழுந்தது.
வௌவாலுக்குக் கட்டிய வலையில் மைனா ஒன்று சிக்கி
எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தது.
தவமலர் கத்தரிக்கோல் எடுத்து
ஒரு முழம் வலையை நட்டமாக்கினார்.

தலையில் இடித்த கொத்துகளின் பெயர் கேட்டேன்.
"இஸ்ரேல் புளூ.
இஞ்ச வரேக்கயே அந்தப் பேரோடதான் வந்தது."

கொடியைத் தாங்கிய கம்பியில்
அங்கங்கே ஏதோ மினுங்கியது.
"திரும்பி வரேக்க
காணியைச் சுத்தி இதுதான் நிண்டது, சுருள் சுருளா.
இரும்புக்குப் போட மனமில்லை.
முள்ளைக் குறட்டால கழட்டிப்போட்டுக் கொடியை ஏத்தினன்."
எல்லா முள்ளும் கழன்றிருக்கவில்லை.
ஒரு முள்ளைப் பற்றுக்கம்பி ஒன்று
மூன்று சுற்றுச் சுற்றி
நுனியை மட்டும் வெளியே விட்டிருந்தது.

"நீங்க வைன் போடுறதில்லையா அக்கா?"
"சீச்சீ. நல்ல பழம் யாவாரிக்கு.
உதிரி மடத்துச் சிஸ்டர்மாருக்கு.
நான் வாயில வைச்சதில்லை."

மதியம் ஒடியற்கூழ்.
நண்டுக்கால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை,
மிளகாய் தாராளம்.
பனையோலைப் பிளாவில் வாய் வைத்ததும்
என் மூக்கு அழத் தொடங்கியது.
முந்நூறு கோப்பையில் வராத கண்ணீர்.

அப்போதுதான் நியூட்டன்
சீட்டுக்கு அடியிலிருந்து போத்தலை எடுத்தார்.
மடத்து வைன். லேபிளில் பேனாவால் ஒரு திகதி.
வேறு பாத்திரம் தேடவில்லை,
கூழ் குடித்த அதே பிளாவில் ஊற்றினார்.

பழக்கம் விடவில்லை. சத்தமாக உறிஞ்சினேன்.
தவமலர் திடுக்கிட்டுப் பார்த்தார்.
நாக்கின்மேல் உருட்டினேன்.
இனிப்பு, அளவுக்கு மேல்.
ஓரங்களில் புளி.
பின்னால் மெல்லிய சுண்ணாம்பு.
அதற்கும் பின்னால் நண்டு. அது பிளாவின் குற்றம்.

வாய் நிறைய வைத்துக்கொண்டு
கிணற்றடிப் பக்கம் எழுந்து நடந்தேன்.

"அங்க துப்பிப் போடாதேங்கோ பிள்ளை!
கீழ முழுக்க முருகைக்கல்லு.
மேல விடுறது எல்லாத்தையும் அது குடிச்சுப்போடும்.
நாளைக்கு நாங்கள் அதைத்தான் அள்ளிக் குடிக்கிறது."

திரும்பி நின்றேன்.
கிணற்று வாளி வெயிலில் மெதுவாக ஆடியது.
விழுங்கினேன்.

என்ன சொல் எழுதலாமென்று யோசித்து நிற்கையில்
தவமலர் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
பிளாவின் அடியில் விரல் நுனியைத் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பழமாவே வித்திருக்கலாம்" என்றார்.